கடவுச்சொல் வைக்காத கணக்கு

என் மனைவி இறந்ததோடு எங்கள் குடும்பத்தின் அரட்டைக் குழுவுக்கு அட்மின் இல்லாமல் போயிற்று. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. பெயர் நீக்கவேண்டிய இடங்கள் வேறு பல இருந்தன. வங்கி, குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருப்பதால் அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் நடை தூரம்தான். ஒவ்வொன்றாகப் போய் முடித்தேன். கைப்பேசிக்குள் இருந்த குழு என் நினைவுக்கு வரவில்லை. அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

குழுவைத் தொடங்கியவள் அவள். அவளுடைய தங்கை குடும்பம் கீழ்பென்னாத்தூரில். எங்கள் ஒரே மகள் அயர்லாந்தில். மற்ற உறவினர் வேலூரிலும் சென்னையிலும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் எங்கள் வீட்டில் இறங்குவது வழக்கம். யார் எந்தப் பேருந்தில் வருகிறார்கள், யாருக்குச் சாப்பாடு வைப்பது, யார் மாடியில் படுப்பது என்பதையெல்லாம் அவள் அந்தக் குழுவிலேயே நடத்தினாள். எழுத்து எழுத்தாகத் தட்டப் பொறுமை கிடையாது, பேசித்தான் அனுப்புவாள். வேறு எவரையும் அட்மின் ஆக்க அவள் இசையவில்லை. "ஆளாளுக்கு ஆள் சேர்த்தா அப்புறம் சத்திரம் ஆயிடும்" என்பாள்.

அவள் இறந்து சில மாதங்கள் கழித்து, ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தபடி, தங்கை மகனின் திருமணம் நடந்தது. மணமக்கள் விருந்தெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில் தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, மருமவள குரூப்ல சேர்க்கணும். யாராலயும் முடியல. அக்கா மட்டும்தான் அட்மினாம். அக்கா போன் உங்ககிட்டதான இருக்குது? அதுலேர்ந்து சேர்த்து வுட்டுடுங்களேன்."

அது நியாயமான வேண்டுகோளாகத் தோன்றியது. மறுநாள் காலை கைப்பேசியை மின்னேற்றி, அந்தப் பெண்ணின் எண்ணைச் சேர்த்தேன். சேர்த்த கணத்தில், குழுவில் இருந்த எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு வரி தோன்றியது. என் மனைவியின் பெயர், அவள் இன்னாரைச் சேர்த்தாள் என்னும் செய்தி. அந்த வரியை எழுதியது செயலி. மருமகளிடம் அந்த எண் யாருடையது என்ற குறிப்பு இல்லை, முகப்புப் படத்தில் ஒரு பெண் இருப்பது மட்டும் தெரிந்திருக்கும். கூப்பிய கைகளோடு உடனே பதில் அனுப்பினாள்: "தேங்க்ஸ் ஆன்ட்டி! எல்லாருக்கும் வணக்கம்."

அதன் பிறகு குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் தங்கையின் அழைப்பு வந்தது.

"இன்னா மாமா பண்ணீங்க?"

"நீ சொன்னதைத்தான்."

"சேர்க்கச் சொன்னேன். அக்கா பேருல சேர்க்கச் சொன்னனா? கிளாஸ்ல இருக்கேன், போன்ல அக்கா பேரு வந்து நிக்குது. சாக்பீஸு கீழ வுழுந்துடுச்சு. பசங்க எல்லாம் பாக்குதுங்க. அந்தப் பொண்ணு வேற தேங்க்ஸ் ஆன்ட்டிங்குது."

"அதுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். அதான் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல."

அன்று பிற்பகல் மகளிடம் பேசினேன். மென்பொருள் நிறுவனமொன்றில் சர்வர்களைப் பராமரிப்பது அவள் தொழில். "சித்திய அட்மின் ஆக்கிடுங்கப்பா, பிரச்சினை முடிஞ்சுது" என்றாள். அட்மின் பிரச்சினை அதோடு முடியும் என்பது சரிதான். ஆனால் அந்தச் செயலியின் விதிகளை நான் அதற்குள் படித்திருந்தேன். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கை அது தானாகவே நீக்கிவிடும். நீக்கும்போது குழுவில் இன்னொரு வரி தோன்றும்: என் மனைவி குழுவிலிருந்து வெளியேறினாள் என்று. அதைத் தவிர்க்க அந்தக் கைப்பேசியை உயிரோடு வைத்திருந்தால், அதை எடுக்கிற எவரும் அவள் பெயரில் பேசலாம். அதைச் செய்யக்கூடியவன் நான் என்பதை அன்று காலைதான் காட்டியிருந்தேன்.

எனக்கு இரண்டு வேண்டியிருந்தன. அவள் பேசியவை அவள் பெயரிலேயே, குடும்பத்தார் எல்லோரும் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும். அவள் பெயரில் இனி எந்த மனிதரும் எந்த இயந்திரமும் ஒரு வரிகூட எழுதக்கூடாது. பிறருடைய செயலியில் இவ்விரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. ஆகவே சொந்தமாக ஓர் அரட்டை சர்வரை வீட்டிலேயே நிறுவுவது என்று முடிவு செய்தேன். கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். எண்முறைக் கணக்கீடுகளுக்காக அரை ஆயுளைக் கணினியோடு கழித்தவன். மீதியை மகள் சொல்லித்தருவாள்.

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு சிறு கணினி வாங்கிக் கூடத்து அலமாரியில் இன்வெர்ட்டர் இணைப்போடு வைத்தேன். இப்போதெல்லாம் ஒரு நிரலை நேரடியாகக் கணினியில் நிறுவுவதில்லை. அது ஓடுவதற்கு வேண்டியவை அனைத்தையும் அதோடு சேர்த்துக் கட்டிய பொட்டலமாக வருகிறது, கண்டெய்னர் என்கிறார்கள். எழுப்பலாம், நிறுத்தலாம், அழிக்கலாம், அழித்ததை அதே அச்சில் மறுபடியும் எழுப்பலாம். எனக்கு இரண்டு போதுமாயிருந்தன: அரட்டை சர்வருக்கு ஒன்று, செய்திகளை அடுக்கிவைக்கும் டேட்டாபேஸுக்கு ஒன்று. கண்டெய்னருக்குள் எழுதப்படுவது கண்டெய்னரோடு அழியும். அழியக்கூடாதவற்றை அதற்கு வெளியே, கணினியின் வட்டில் எழுதும்படி அமைப்புக் கோப்பில் நாம்தான் சொல்லவேண்டும். அந்த வெளி இடத்துக்கு வால்யூம் என்று பெயர். சொல்ல மறந்தால் அது நம்மை எச்சரிப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வருவாய்த் துறையில் ஓய்வுபெற்றவர். காலை நடையின்போது இதைக் கேட்டுப் பரவசமானார். "சார், இது அப்படியே வேதாந்தம். கண்டெய்னர் உடம்பு, டேட்டா ஆத்மா. ஆசிரமத்துப் பக்கம் ஏதாவது ஒரு கஃபேல உக்காந்து சொல்லுங்க, வெள்ளைக்காரங்க நோட்ஸ் எடுப்பாங்க."

"உடம்பை அழிச்சா மறுபடி எழுப்ப கமாண்ட் இல்லை" என்றேன். அவர் பேச்சை மின்தடைக்கு மாற்றினார்.

எதிர்ப்பு வந்தது தங்கையிடமிருந்து. "வருஷம் திரும்புறதுக்குள்ள புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது மாமா. தீபத்துக்கே வெளக்கு ஏத்தப் போறதில்ல. நீங்க இன்னாடான்னா புது வீடு கட்றேன்றீங்க."

"வீடு இல்லம்மா. கம்ப்யூட்டர்."

"எல்லாரும் உள்ள போயி உக்காந்து பேசப் போறோம்ல? அப்ப அது வீடுதான்."

இந்த வாதத்தில் பிழை காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பழைய பேச்சு அனைத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம். ஆகவே இது புது வீடு அல்ல, இருப்பவர்கள் குடி மாறுவது என்றேன். அவள் யோசித்தாள்.

"குடி மாறலாம். அதுக்கு தோஷம் இல்ல. ஆனா நல்ல நேரம் பாத்து, பால் காய்ச்சணும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. நீங்களும்தான்."

நான் போகாமல் அதை அமைக்க முடியாது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பழைய குழுவின் பேச்சு முழுவதையும் என் மனைவியின் கைப்பேசியிலிருந்து ஏற்றுமதி செய்துகொண்டேன். புதிய சர்வர் ஏற்கும் வடிவில் அதை மாற்ற ஒரு சிறு நிரல் எழுதினேன். எழுத்துச் செய்திகளை நிரல் மாற்றிவிடும். குரல் செய்திகளை யாருக்கு, எந்தச் செய்திக்குப் பதிலாக என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. காலைவேளைகளில் கேட்டேன்.

தங்கைக்கு, நிலக்கடலை கேட்டு: "ஏய், வரும்போது பச்ச மல்லாட்ட கொஞ்சம் எடுத்துக்கினு வா. வேகவெச்சுத் தரேன், எல்லாம் கொறிக்கும்." மகளுக்கு: "அங்க குளுரு ஜாஸ்தியா? தலைக்கு எண்ணெ வெக்கிறியா இல்லியா? பொய் சொல்லாத." பொதுவாக எல்லோருக்கும்: "பௌர்ணமின்னு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். அங்கியே எறங்கி நடந்து வாங்க. சோறு இருக்குது. மோர்தான் கம்மி, முன்னாடி வந்தவங்களுக்குத்தான்."

ஒன்றில் பின்னணியில் என் குரல் கேட்கிறது. யாரிடம் பேசுகிறாய் என்று அடுத்த அறையிலிருந்து கேட்கிறேன். "உங்ககிட்ட இல்ல" என்கிறாள். பிறகு சிரிப்பு.

கேட்டு முடித்தபோது ஒன்று தெளிவாயிற்று. இத்தனை குரல் செய்திகளில் எனக்கென்று அனுப்பப்பட்டது ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அனுப்பவேண்டிய தேவை இருந்திருக்காது, காரணம் எளியது. இதை மகளிடம் ஒரு தகவலாகச் சொன்னேன்.

ஒவ்வொரு செய்திக்கும் எழுதியவர் ஒருவர் இருந்தாகவேண்டும், அவருக்கு சர்வரில் கணக்கு இருந்தாகவேண்டும் என்பது இறக்குமதியின் விதி. அதாவது என் மனைவிக்கு நான் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும்.

"அம்மா பேருல அக்கவுண்ட்டா?" என்றாள் மகள். "இதுக்குத்தானப்பா சித்தி அழுதாங்க."

கடவுச்சொல் பகுதியைக் காலியாக விட்டால், கணக்கு இருக்கும், பெயர் இருக்கும், பழைய செய்திகள் அதன் கீழ் நிற்கும். ஆனால் எவரும் அந்தப் பெயரில் உள்ளே நுழைய முடியாது என்று விளக்கினேன். நான் தேடியது இதைத்தான். அவள் அந்த சர்வரின் கையேட்டைத் தன் திரையில் படித்துப் பார்த்து, "சரி, போடுங்க" என்றாள்.

இறக்குமதி குறையின்றி முடிந்தது. எல்லாம் ஓடுகிறது என்று வீடியோ அழைப்பில் அவளிடம் சொன்னேன்.

"ஓடுறது டெஸ்ட் இல்லப்பா. கண்டெய்னர அழிச்சுட்டு மறுபடி எழுப்புங்க. எழுப்பின பிறகு எல்லாம் இருக்கான்னு பாருங்க. அதான் டெஸ்ட்."

மாணவர்களிடம் இதையே வேறு சொற்களில் பல ஆண்டுகள் சொன்னவன் நான். அழிப்பதற்கான கட்டளை மிகச் சிறியது. தட்டச்சு செய்தேன், உள்ளிடும் விசையை அழுத்தவில்லை.

"அப்பா?"

"இரு."

அழுத்தினேன். இரண்டு கண்டெய்னர்களும் நீங்கிவிட்டதாகத் திரை சொன்னது. எழுப்பும் கட்டளையைக் கொடுத்தேன். குழு வந்தது. எழுத்துச் செய்திகள் ஒன்றுவிடாமல் வந்தன. என் மனைவியின் பெயர் இருந்தது. குரல் செய்தி ஒன்றைத் தொட்டேன். கோப்பு கிடைக்கவில்லை என்றது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"காப்பி இருக்குல்ல?" என்றாள் மகள்.

"இருக்கு. அவ போன்லயும் இருக்கு, தனி டிஸ்க்லயும் இருக்கு."

"அப்புறம் ஏன் முகம் அப்படி இருக்கு?"

"ஜன்னல் பின்னாடி இருக்கு. வெளிச்சம் அப்படி விழுது."

காரணத்தை அவள்தான் கண்டாள். எழுத்துகள் டேட்டாபேஸில் சேர்ந்து, வால்யூமுக்குள் பத்திரமாக இருந்தன. குரல் கோப்புகளை சர்வர் தன் கண்டெய்னருக்குள் வேறொரு கோப்புறையில் வைக்கிறது. அந்தக் கோப்புறைக்கு நான் வெளியே இடம் சொல்லவில்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தோம். குரல்களை மறுபடியும் ஏற்றினேன். மறுபடியும் அழித்தேன், எழுப்பினேன். மோர் கம்மி என்றாள் என் மனைவி. அன்றைக்கு அது போதும் என்று கணினியின் திரையை மூடினேன்.

தங்கை குறித்துத் தந்த நல்ல நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தூக்குவாளியில் பாலோடு பேருந்தில் வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேடாமலே எடுத்து, பாலைப் பொங்கவைத்து, ஒரு தம்ளரை அந்தச் சிறு கணினியின் அருகில் வைத்தாள். சற்றுத் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மகள் என் மடிக்கணினித் திரையில் அயர்லாந்தின் விடியலோடு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் முன்கூட்டியே அழைப்பு அனுப்பியிருந்தேன். நல்ல நேரம் வரும்வரை ஒருவரும் தொடவில்லை. அது தொடங்கிய நிமிடத்தில் குடும்பம் முழுவதும் ஒன்றாக நுழைந்தது. அதற்கான திறன் அந்தக் கணினிக்கு இல்லை. யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. வசவெல்லாம் பழைய குழுவில் வந்தது.

"பெரியப்பா, ஸ்பெஷல் தரிசனம் டிக்கெட் இருக்கா?" என்று எழுதினான் தங்கை மகன்.

"மூடிக்கினு பொது வரிசையிலயே வாடா" என்று பேசி அனுப்பினாள் அவன் தாய், என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே.

மெல்ல மெல்ல ஒவ்வொருவராக, பழைய குழுவிலிருந்து விலகி, உள்ளே வந்தார்கள். தங்கை தன் அக்காவின் பெயரைத் தொட்டு, மல்லாட்டைச் செய்தியைக் கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

"உள்ள இருக்கிறவங்க பேருகிட்ட பச்சப் புள்ளி வருதே மாமா. அக்கா பேருகிட்ட வருமா?"

"வராது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப சரி" என்றாள்.

அப்போது அவள் கணவர் அழைத்தார். மல்லாட்டை வியாபாரி, கிடங்கில் இருந்தார். "அண்ணே, பாஸ்வேர்டு இப்பதான் போட்டேன். இப்பவே மறந்துட்டேன்."

இது கடினமான வேலை அல்ல. சர்வரின் அட்மின் நான். அவருக்கு வேறொரு கடவுச்சொல் வைத்து, அது வேலை செய்கிறதா என்று அவர் பெயரில் நானே நுழைந்து பார்த்தேன்.

"ஆங், அவரு உள்ள வந்துட்டாரு, பச்சப் புள்ளி வந்துடுச்சு" என்றாள் தங்கை.

"அது நான்."

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

மடிக்கணினியிலிருந்து மகள் பேசினாள். "அப்பா. சித்தப்பாக்கு பாஸ்வேர்டு வெச்ச மாதிரி, அம்மா அக்கவுண்ட்டுக்கும் நீங்க நினைச்சா வெக்கலாம்ல?"

"வெக்கலாம்."

"நீங்க பண்ணுவீங்கன்னு நான் சொல்லல."

"பண்ணமாட்டேன்னு நானும் சொல்லலை."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அன்னிக்கு சொன்னீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணும் இல்லன்னு. என்னிக்காவது ஒரு நாள் அம்மா பேருல..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கில் கடவுச்சொல் இல்லை என்பது பிறருக்கு மட்டுமே தடை. எனக்கு அது தடையாக இருந்ததில்லை. என் ஏற்பாட்டில் விடுபட்டிருந்த நிபந்தனை நானே. இதை ஒரு மாணவன் விடைத்தாளில் விட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

தங்கையைக் கூப்பிட்டு, சர்வரின் அட்மின் பொறுப்பை அவள் பெயருக்கு மாற்றினேன். புதிய கடவுச்சொல்லை அவளே வைக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இனிமே ஆள் சேர்க்கிறது நீதான்" என்றேன்.

"ஆளாளுக்கு ஆள் சேர்த்தா சத்திரம் ஆயிடும்" என்றாள். அக்காவைப் போலவே சொல்ல முயன்று, பாதியில் விட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பவேண்டும் என்று கிளம்பினாள்.

மகள் திரையில் காத்திருந்தாள். "கம்ப்யூட்டரையே ஆளுற ரூட் பாஸ்வேர்டு இன்னும் உங்ககிட்ட இருக்குப்பா. அது இருந்தா மத்ததெல்லாம் கணக்கே இல்ல."

"தெரியும். அதை நீ மாத்திக்கோ."

"எங்கிட்ட இருந்தா மட்டும் என்ன வித்தியாசம்?"

"உனக்கு அவ நிறையப் பேசி அனுப்பியிருக்கா."

கொஞ்ச நேரம் விசைப்பலகையின் ஒலி மட்டும் வந்தது. சொந்தக் கூடத்தில், சொந்தச் செலவில் வைத்த கணினியின் சாவி அயர்லாந்தில் மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. நான் அலமாரியில் அதன் சிறு விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்றாள்.

பழைய கடவுச்சொல்லோடு நுழைய முயன்றேன்.

"மறுத்துடுச்சு" என்றேன்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

பண்ணினேன். மறுத்தது.

"சரிப்பா" என்றாள். இணைப்பைத் துண்டிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நன்றாக விடிந்திருந்தது. "போனை வெக்கட்டுமா?"

"வை."